பொறுப்பேற்பு அலுவலர்

பூவராகன் காலையில் அலுவலகத்துக்கு வந்து, சோற்று டப்பாவை மேசைக்கு அடியில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஏழெட்டுப் பேருடைய கணக்கைப் பூட்டியிருப்பான். நிஜத்தில் பூட்டியது யந்திரம். ஆனால் பூட்டியவர் பெயர் என்ற இடத்தில் பூவராகன் என்றுதான் இருக்கும். யாரை, எதற்காக என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. பார்க்கக் கூடாது என்பது வேலையில் சேரும்போதே போட்ட முதல் நிபந்தனை.

கூடத்தைப் பற்றித் தெரியாதவர் இப்போது யாரும் இல்லை என்றாலும், பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். தெருக்காரர்கள் நாலு பேர் கைப்பேசியில் கூடி, தண்ணீர் வரவில்லை, நாய்த் தொல்லை தாங்கவில்லை என்று புலம்புவதற்காக ஆரம்பித்த இடம் அது. புலம்பலுக்குக் கூட்டம் சேரும் என்பது தெரிந்த விஷயம்தானே. கூட்டம் சேர்ந்ததும் கேஸ் சிலிண்டர் பதிவு அதற்குள் வந்தது. ஆஸ்பத்திரி டோக்கன் வந்தது, ரேஷன் வந்தது, பள்ளிக்கூடத்து அறிவிப்பு வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் கதவுகூடக் கூடத்துக் கணக்கைக் காட்டினால்தான் திறந்தது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் அதில் ஓர் அறை திறந்து ஊரை அழைத்தார்கள். வந்தவர்கள் தங்கள் சொந்தக் குரலில் வாழ்த்திவிட்டு, வெளியூரில் இருக்கிற குறை தெரியாமல் பேசிவிட்டுப் போனார்கள்.

இத்தனை அறைகளை மனிதர்களால் மேய்க்க முடியாது என்று, கூடத்தை நடத்தும் கம்பெனி ஒரு யந்திரத்தை உட்கார வைத்தது. அதற்கு நடுவன் என்று பெயர். எந்த அறையில் யார் வம்பு செய்கிறார்கள் என்று நடுவன் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது உறுத்தினால் கணக்கைப் பூட்டிவிடும். 'கூட்டு ஒழுங்குக்கு மாறாக நடந்துகொண்டீர்கள்' என்று ஒரே ஒரு வரி வரும். என்ன ஒழுங்கு, எப்போது மாறினோம் என்று கேட்டால், காரணத்தைச் சொன்னால் அயோக்கியர்கள் அதைத் தெரிந்துகொண்டு தப்பித்துவிடுவார்கள் என்று பதில் வரும். சரி, அயோக்கியன் இல்லாதவன் என்ன செய்வது என்று கேட்டால் பதில் வராது. கணக்கு போனவன் சிலிண்டர் வாங்க வழியில்லாமல், சொந்த வீட்டு வாசலில் நின்று வாட்ச்மேனைக் கெஞ்சிக்கொண்டிருப்பான். ஒரு மாதம் கழித்துக் கணக்கே அடியோடு அழிந்துபோகும்.

ஜனங்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? மறியல் நடந்தது, வழக்கு நடந்தது, கடைசியில் சட்டமே வந்தது. இனிமேல் எந்தக் கணக்கைப் பூட்டினாலும் அதற்கு ஒரு மனிதர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும், அவருடைய தொலைபேசி எண்ணையும் தர வேண்டும் என்றது சட்டம். அது வந்த அன்று ஜனங்கள் இனிப்பு வழங்கினார்கள். கம்பெனியும் இனிப்பு வழங்கியது. அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விழுப்புரம் புறவழிச் சாலையில் வருமானம் இல்லாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைக் கம்பெனி வாடகைக்குப் பிடித்தது. பொறுப்பேற்பு அலுவலர்கள் என்று ஒரு பட்டாளத்தையே வேலைக்கு எடுத்தது. பந்தி நடந்த இடத்தில் வரிசையாக மேசைகள் போட்டார்கள். மணமேடையில் மேற்பார்வையாளர்கள் உட்கார்ந்தார்கள். நடுவன் பூட்டும், அலுவலர் பெயர் போகும், பூட்டப்பட்டவர் போனில் கூப்பிட்டுத் திட்டுவார், அலுவலர் வாங்கிக்கொள்வார். இவ்வளவுதான் வேலை. காரணத்தை அவர்களுக்கும் காட்ட மாட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டால் பொறுப்பேற்கத் தயக்கம் வந்துவிடும் என்று பயிற்சியில் விளக்கினார்கள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

பூவராகன் இந்த வேலைக்கென்றே பிறந்தவன். இதற்கு முன்னால் கேபிள் டி.வி. அலுவலகத்தில் புகார் வாங்கும் இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவன். கிரிக்கெட் நடக்கும்போது படம் போய்விட்டால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை என்னவெல்லாம் சொல்ல முடியுமோ அத்தனையும் கேட்டவன். அதில் தோல் தடித்துப்போனாலும் குரல் மட்டும் குழைந்தே இருந்தது. 'மிகவும் வருந்துகிறேன், இதற்கு நானே முழுப் பொறுப்பு' என்று அவன் சொல்லும்போது, எதிர்முனையில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கூட, சரி விடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க என்று இறங்கி வந்துவிடுவார். சேலத்துக்காரர் ஒருவர், கணக்கு பூட்டியது பூட்டியபடியே இருக்க, பொங்கலுக்கு இவனுக்கு வெல்லம் அனுப்பி வைத்தார். சிறந்த பொறுப்பாளர் கேடயம் இரண்டு தடவை வாங்கி வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தான். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், இதற்கு நானே பொறுப்பு என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிடுவான். பொறுப்பெல்லாம் அப்புறம் ஏத்துக்கலாம், முதல்ல அடுப்பத் துடைங்க என்பாள் அவன் மனைவி மங்கையர்க்கரசி.

சட்டம் வந்த பிறகு புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று கம்பெனி அறிக்கை விட்டது. அதில் பொய் இல்லை. பூட்டுகள் குறையவில்லை, அவ்வளவுதான். ஜனங்களுக்குக் காரணத்தைவிடத் திட்டுவதற்கு ஒரு ஆள்தான் தேவைப்பட்டது என்பதைக் கம்பெனி கண்டுபிடித்துவிட்டது.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் வரவேற்பறையிலிருந்து, உங்களப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க என்று சொல்லி அனுப்பினார்கள். நேரில் யாரும் வருவதில்லை. அலுவலருடைய முகவரியைத் தரக் கூடாது என்று கம்பெனி போராடிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வாங்கியிருந்தது. இந்த அம்மாள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், பால் வண்டி ஓட்டுகிறவர்களிடம் விசாரித்திருக்கிறாள். அந்தச் சாலையில் அவர்களுக்குத் தெரியாத கட்டடம் உண்டா?

அவள் பெயர் அஞ்சலாட்சி, ஊர் திண்டிவனம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவள் புருஷன் தணிகாசலமும் பால் வண்டி டிரைவர்தான். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குத் தினமும் ஓட்டியவர். மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய கையோடு அவளுடைய கணக்கு பூட்டிக்கொண்டது. அது அடியோடு அழிந்துபோக இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் அவள் வரவில்லை. அதையெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சமாளித்துக்கொண்டாள். வண்டி ஓட்டும் வழியில் தணிகாசலம் அனுப்பிய குரல் செய்திகள் அத்தனையும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. செங்கல்பட்டு தாண்டிட்டேன், டோல்கேட்ல கூட்டம், டீ குடிச்சிட்டேன், நீ சாப்டியா. இதற்குமேல் அவற்றில் ஒன்றும் கிடையாது. அவர் இருந்தவரைக்கும் அவள் அவற்றைத் திரும்பக் கேட்டதும் கிடையாது. அந்த மனுஷனுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. வீட்டில் மாட்டியிருப்பது லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது, அதில் அவர் முகம் அவருக்கே அடையாளம் தெரியாது. மிச்சம் இருப்பது குரல் ஒன்றுதான். அதைத்தான் அவள் கேட்டு வந்திருந்தாள்.

பூவராகன் குரலைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தான். மிகவும் வருந்துவதாகச் சொன்னான். முழுப் பொறுப்பையும் ஏற்பதாகச் சொன்னான். அஞ்சலாட்சி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவன் முடித்த பிறகும் இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி தம்பி. நீங்கதான் பொறுப்புன்னு சொல்றீங்க. என்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க."

"நான் எதுவும் பண்ணலம்மா."

"அப்புறம் எதுக்கு நீங்க பொறுப்பு?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இந்த பஸ் எங்கே போகும் என்று கேட்கிறவர்கள் குரலில் கேட்டாள். எத்தனை வகையாகத் திட்டினால் எத்தனை வகையாக வருந்துவது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதற்கு என்ன சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூவராகன் இன்னொரு தடவை வருந்தினான். பரவால்ல தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று அவள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்தான் எழுந்து போனாள். மறுநாள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது நாள் பூவராகனுக்குத் தொழில் கெட்டுவிட்டது. போனில் யாரோ ஒருவர் அவனுடைய பரம்பரையையே இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கப்படி 'மிகவும் வருந்துகிறேன்' என்று ஆரம்பித்தவனுக்கு, எதற்கு என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. குரல் பிசிறடித்தது. மணமேடையிலிருந்து மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, மண்டபத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் குழாய்களில் கை கழுவப் போனபோது மெஹருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். அவன் தங்கையோடு ஒன்றாகப் படித்தவள், இப்போது மாடியில் நடுவனைப் பராமரிக்கும் பிரிவில் இன்ஜினியர். இந்த மாதிரி ஒரு அம்மா வந்திருக்காங்க மெஹர், காரணம் என்னன்னு உன்னால பாக்க முடியுமா என்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான். திருட்டுக் காரியத்துக்கு அழைக்கிற பயம் அவனுக்கு. அவளோ சாதாரணமாகக் கையை உதறிக்கொண்டாள்.

"பாக்கலாமே. நீங்க பாக்கக் கூடாதுன்னுதாண்ணே ரூல். நான் பாக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல. அலுவலர் யாராவது கேட்டா நான் பாத்துச் சொல்லணும், அது என் வேலையிலயே இருக்கு. நான் சேர்ந்ததுலருந்து ஒருத்தரும் கேக்கல."

பூவராகனுக்கு முகம் சுருங்கிப்போனது. கேட்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மண்டபத்து அலுவலர்கள் நானூறு பேரும் அவரவர் பாட்டுக்கு அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

மாடியில் மெஹருன்னிசா அஞ்சலாட்சியின் கணக்கை எடுத்தாள். கொஞ்ச நேரம் படித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். நடுவன் பேச்சை மட்டும் பார்ப்பதில்லை என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். ஓர் அறைக்குள் ஆட்கள் எப்படி வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்பதையும் பார்க்கும். உலகம் முழுக்கப் பல வருஷம் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்ட பாடம் அது.

"எந்த ஊர்லயும் ஒருத்தர் வீட்டுக்கு வந்தவங்க கிளம்பும்போது ஒரு வார்த்த சொல்லிட்டுத்தாண்ணே போவாங்க. வந்த கூட்டம் மொத்தமும் ஒன்னுமே சொல்லாம எழுந்து போச்சுன்னா, அந்த வீட்டுக்காரங்க ஏதோ அசிங்கமா நடந்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நடுவன் அப்படித்தான் படிச்சிருக்கு. இந்தம்மா திறந்த அறைக்கு எரநூறு பேருக்கு மேல வந்திருக்காங்க. பேசியிருக்காங்க, அழுதுகூட இருக்காங்க. போகும்போது ஒருத்தர்கூட வாயத் திறக்கல. அதான் பூட்டிடுச்சு."

"அது என்ன அறை?" என்று கேட்டான் பூவராகன்.

மெஹருன்னிசா திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "துக்க அறை" என்றாள்.

சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று எவனாவது சொல்வானா? வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். அதுதான் மரியாதை. வாய் தவறி வரேன் என்று சொல்லிவிட்டால், திரும்பவும் இதுக்கே வரப்போறியா என்று பெரியவர்கள் அடிக்க வருவார்கள். எனக்கே தெரியும்ணே, எங்க தெருவுல எத்தன சாவுக்குப் போயிருக்கேன் என்று மெஹருன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் மற்ற துக்க அறைகளையும் தேடினாள். திரை ஓடிக்கொண்டே இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மதித்து நூறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால், அந்த வீட்டுக்காரர் கணக்கு பூட்டப்பட்டிருந்தது. செத்தவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவு நிச்சயமாகப் பூட்டியிருந்தது. ஏறெடுத்துப் பார்க்கக்கூட நாதியில்லாத ஆள் செத்த வீடுகள் மட்டும் தப்பித்திருந்தன. பூட்டியவர் பெயர் என்ற இடத்தில் அங்கங்கே பூவராகன், பூவராகன் என்று வந்துகொண்டே இருந்தது. வீட்ல ஒரு துக்கம்ங்க என்று ஆரம்பித்து அவனிடம் பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கென்று தனியாகக் குரலை இன்னும் ஒரு படி இறக்கி வருந்துவான். அதற்குத்தான் கேடயம் கொடுத்தார்கள். பூவராகனுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் நிர்வாகத் துணைத் தலைவர் சாரநாதன் சென்னையிலிருந்து வருகிற நாள். பூவராகன் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். விஷயம் தெரிந்தால் மனிதர் பதறிப்போவார், உடனே திறந்துவிடச் சொல்வார் என்று நம்பித்தான் போனான். சாரநாதன் கவனமாகக் கேட்டார். பதறவில்லை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு உற்சாகம் வந்தது.

துக்க அறைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியாது என்றார். கொடுத்தால் ஏமாற்றுக்காரன் எல்லாம் நாளைக்கே துக்க அறை திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான். நடுவனைத் திருத்தவும் முடியாது, அது உலகத்துக்கே பொது. அப்படியானால் திருத்த வேண்டியது எதை? ஜனங்கள் சொல்லிக்கொள்ளாமல் போகிறார்கள், அதுதானே பிரச்சினை. ஒவ்வொருவருடைய குரலும் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் அறையை விட்டு வெளியேறும்போது அவர்கள் சார்பில், அவர்கள் குரலிலேயே, நாம் சொல்லிவிடலாம். விடைபெறல் சேவை என்று பேர் வைக்கலாம், இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றார்.

"என்னன்னு சொல்றது சார்?"

"போயிட்டு வரேன்னுதான். நல்ல தமிழ் வார்த்தையாச்சே. பழைய அறைகளுக்கும் சேர்த்தே போட்டுடுவோம் பூவராகன். போட்டுட்டா, இதுவரைக்கும் யாரும் சொல்லாம போனதா ஒரு பதிவுகூட இருக்காது. பதிவே இல்லேன்னா தப்பும் நடக்கல பாருங்க."

சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று பூவராகன் இழுத்தான். கலாச்சார நுணுக்கம், எனக்கும் புரிகிறது, அதற்கு ஒரு கமிட்டி போட்டுவிடலாம் என்றார் சாரநாதன். அப்படியானால் அந்த அம்மாளுடைய கணக்கைத் திறந்துவிடலாமா என்று கேட்டதற்கு, தவறே நடக்காதபோது எதைத் திறப்பது என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அழகான யோசனைக்கு வழி செய்ததற்காகப் பூவராகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவையும் கேடயம் உங்களுக்குத்தான் என்றார்.

பூவராகன் கீழே வந்து தன் மேசையில் உட்கார்ந்தான். அலுவலர்கள் எல்லோருடைய திரையிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று 'பொறுப்பேற்கிறேன்'. அதில் எழுத்து தேய்கிற அளவுக்கு எல்லோரும் குத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே 'நான் தவறு செய்தேன்' என்று இன்னொன்று. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒரு நல்ல மனிதர் பிடிவாதமாக வைத்தது அது. அதை அழுத்தினால், என்ன தவறு என்று ஒரு கட்டம் கேட்கும். தெளிவாக எழுதிவிட்டால் பூட்டு அந்த நிமிஷமே திறந்துவிடும், கம்பெனியே நினைத்தாலும் தடுக்க முடியாது. எழுதியவருக்கு வேலை போய்விடும், கூடத்தில் அவருடைய கணக்கும் ஆயுசுக்கும் பூட்டப்படும். அதைப் பற்றிக் கம்பெனி கவலைப்படவே இல்லை. காரணமே தெரியாத ஆட்கள் அந்தக் கட்டத்தில் எதை எழுதப்போகிறார்கள்?

இப்போது அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கை எழவில்லை. ஆயுசுக்கும் வாட்ச்மேனைக் கெஞ்சிக்கொண்டு நிற்கும் தன் கோலம் கண் முன்னால் வந்தது. காய்ச்சல் வந்தால் டோக்கன் கிடைக்காது. இந்த வயதில் கணக்கு இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மங்கையர்க்கரசியைப் போனில் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"சிலிண்டர என் பேர்ல போட்டுக்கலாம். அந்தம்மா இன்னும் அங்கதான் உக்காந்திருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே."

அவன் பெயரில் பூட்டிய துக்க வீடுகள் அத்தனையையும் மெஹருன்னிசா எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அஞ்சலாட்சியின் பெயரை முதலில் வைத்து, பூவராகன் கீழேயிருந்த பொத்தானை அழுத்தினான். கட்டம் திறந்து, என்ன தவறு என்று கேட்டது. 'இவை சாவு வீடுகள். வந்தவர்கள் நம் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். என்ன ஏது என்று கேட்காமல் நான் என் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தேன்' என்று எழுதினான். அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எதற்காக என்று தெரிந்து எதையாவது ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்த கையோடு அவன் திரை இருண்டது. மணமேடையில் யாரோ அவசரமாக எழுந்தார்கள். தவறு செய்த ஊழியர் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டார், பயனர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று கம்பெனி அன்றைக்கே அறிக்கை விட்டது. மற்ற அலுவலர்கள் பெயரில் பூட்டியிருந்த சாவு வீடுகள் அப்படியேதான் இருந்தன.

சோற்று டப்பாவோடு வெளியே வந்தபோது கதவு அவனுக்குத் திறக்கவில்லை. காவலாளி தள்ளிப் பிடித்துக்கொண்டார். அஞ்சலாட்சி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். திறந்துடுச்சும்மா, வாங்க என்று அவளைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனான். என்ன நடந்தது, யார் எதனால் பூட்டியது, தான் என்ன செய்யாமல் விட்டோம் என்பதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னான். குரலைக் குழைக்கவில்லை. அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, இதத்தானே தம்பி மொத நாள்லருந்து கேட்டேன் என்றாள். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பிறகு கைப்பேசியை எடுத்துத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே துக்க அறை நின்றது. புதிதாக நிறைய வந்திருப்பதாகக் காட்டியது. யாரோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் விரலை வைத்துவிட்டாள். வரிசையாகக் குரல்கள் புறப்பட்டு வந்தன. போயிட்டு வரேங்க என்றார் அவளுடைய சம்பந்தி. போயிட்டு வரேன் அண்ணி என்றான் கொழுந்தன். பால் சங்கத்துச் செயலாளர், எதிர்வீட்டுக்காரி, மூத்த நாத்தனார் என்று அத்தனை பேரும் தெளிவாக, சந்தோஷமாகக்கூட, திரும்ப வருவதாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். டீக்கடைக்காரர் வடிகட்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். அஞ்சலாட்சியின் முகம் வெளுத்துப்போனது.

பூவராகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. விடைபெறல் சேவை அதற்குள் தொடங்கிவிட்டது. "இதுக்கும் நான்தாம்மா காரணம். நான் போய் மேலதிகாரிகிட்ட விஷயத்தச் சொன்னேன். அதக் கேட்டுட்டுத்தான் அவங்க இப்படிப் பண்ணிட்டாங்க" என்றான். நிறுத்துவதற்காகக் கையை நீட்டினான்.

அதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது.

"போயிட்டு வரேம்மா."

அது தணிகாசலத்தின் குரல். படம் தெரியட்டும் என்று வீட்டில் அவர் பெயரையும் அந்த அறையில் சேர்த்து வைத்திருந்தார்கள். இறப்பைப் பதிவு செய்ததும் கூடம் அவருடைய கணக்கை மூடி, எல்லா அறைகளிலிருந்தும் வெளியேற்றியிருக்கிறது. வெளியேறியவர்களின் கூட்டத்தில் அவரையும் ஒருவராக எண்ணி, அவர் சார்பில், அவர் குரலிலேயே யந்திரம் சொல்லிவிட்டது. பால் வண்டியின் இரைச்சல்கூடப் பின்னால் லேசாகக் கேட்டது.

பூவராகன் இதைத் திக்கித் திணறி விளக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இந்த மனுஷன் கல்யாணம் ஆனதுலருந்து ஒரு நாள் சொல்லிட்டுப் போனதில்ல தம்பி. விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கணும். நான் முழிச்சிக்கப் போறேன்னு செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போயி, வாசல் தாண்டித்தான் கால்ல மாட்டுவாரு. கண்ணு முழிச்சாப் பக்கத்துல ஆளு இருக்காது. நானும் எத்தனையோ தடவ சண்ட போட்டுப் பாத்துட்டேன், எழுப்பிச் சொல்லிட்டுப் போனா என்னான்னு. கடைசி நாளும் அப்படித்தான் போனாரு."

"இது அவரு சொன்னது இல்லம்மா. யந்திரம் பண்ணது. இந்த எடத்துல அழுத்தினா அழிஞ்சிடும். அவரோட நெசமான குரல் எல்லாம் கீழ அப்படியே இருக்கு, ஒன்னும் போகல" என்றான் பூவராகன்.

செங்கல்பட்டு தாண்டியது, டோல்கேட்டில் நின்றது, டீ குடித்தது எல்லாம் கீழே வரிசையாகத்தான் இருந்தன. அஞ்சலாட்சி அங்கே போகவில்லை. கைப்பேசியை அவன் கைக்கு எட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய்தான்னு தெரியுது தம்பி. இன்னொரு வாட்டி எப்படிக் கேக்கறது, அத மட்டும் சொல்லுங்க."